நகரங்களும் நீரேற்று நிலையங்களும்

பள்ளம் நோக்கிப் பாய்வது நீரின் இயல்பு. நகரங்களின் விருப்பமோ அதற்கு நேர்மாறானது. மேட்டில் வீற்றிருக்கும் நகரம், பள்ளத்தில் ஓடும் ஆறு தன்னிடம் ஏறி வரவேண்டும் என்கிறது. பள்ளத்தில் அமர்ந்த நகரம், தன்னிடம் வந்து தேங்கும் கழிவுநீர் தன்னைவிட்டு மேலேறிச் செல்லவேண்டும் என்கிறது. இவ்விரு விருப்பங்களையும் நிறைவேற்றுவதற்காக மனிதன் அமைத்துக்கொண்டதே நீரேற்று நிலையம். அரண்மனைகளுக்கும் கோட்டைகளுக்கும் வரலாறு எழுதியோர் பலர். இந்த நிலையங்களின் வரலாற்றை நாடுவோர் மிகச் சிலரே. ஆயினும், பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் இன்றுவரை, பெருநகரங்களில் யார் வாழ்வர், யார் நோயுற்று மடிவர் என்பதைத் தீர்மானித்தவற்றுள் இந்நிலையங்களும் அடங்கும்.

'பம்பிங் ஸ்டேஷன்' என்ற தொடரைத் தமிழாக்கும்பொழுது நாம் சொல்லுக்கு அலைய வேண்டுவதில்லை. ஏற்றம் என்ற சொல் நம்மிடம் பண்டுதொட்டு உள்ளது. துலாவின்மேல் ஆள் முன்னும் பின்னும் நடக்க, சால் கிணற்றில் இறங்கி ஏறும் காட்சியை நம் தந்தையர் தலைமுறை நன்கறியும். மாடுகளைப் பூட்டி இறைக்கும் கவலையும் அவ்வாறே. இங்கு ஓர் உண்மையைக் கவனித்தல் வேண்டும். கிணற்றின் ஆழத்தையும், ஊற்றின் வேகத்தையும், பாயவேண்டிய நிலத்தின் பரப்பையும் அறியாமல் ஏற்றம் நாட்டிய உழவர் எவரும் இலர். ஒரு கிணற்றுக்குப் பொருந்திய துலா மற்றொரு கிணற்றுக்குப் பொருந்தாது. நகரத்தின் நீரேற்று நிலையமும் அத்தகையதே. கடையில் விற்கும் யந்திரத்தை வாங்கி வைத்துவிட்டால் அது நிலையமாகிவிடாது. ஊரின் மேடுபள்ளத்தையும், மழையையும், மக்களின் பழக்கத்தையும் அளந்து, அந்த ஊருக்கென்றே அதனை வகுத்தல் வேண்டும்.

கல்கத்தாவின் லேக் மார்க்கெட் பகுதியிலும், பம்பாயின் மாட்டுங்காவிலும் தாராவியிலும், பெங்களூரின் அல்சூரிலும், தில்லியின் கரோல் பாக்கிலும் தலைமுறை தலைமுறையாகக் குடியேறி வாழும் நம்மவர்க்கு இவ்வரலாறு அயலார் வரலாறன்று. காலையில் குழாயைத் திறந்தவுடன் நீர் வருவதும், மாரிக்காலத்தில் தெருவில் முழங்காலளவு நீர் நிற்பதும், என்றோ ஒருநாள் எவரோ போட்ட கணக்கின் விளைவுகளேயாகும்.

கழிவுநீர் ஏற்றத்தின் நவீன வரலாறு இலண்டன் மாநகரில் தொடங்குகிறது எனலாம். 1854ஆம் ஆண்டில் அந்நகரின் சோஹோ பகுதியில் காலரா நோய் பரவியபோது, ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர், இறந்தோரில் பெரும்பாலோர் பிராட் தெருவிலிருந்த ஓர் அடிபம்பின் நீரைப் பருகியவர்கள் என்று ஆராய்ந்து காட்டினார். எனினும் காற்றிலுள்ள துர்நாற்றமே நோய்க்குக் காரணம் என்ற பழைய கொள்கையை ஆட்சியாளர் எளிதில் கைவிட்டாரில்லை. 1858ஆம் ஆண்டின் கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் கரையிலிருந்த பாராளுமன்றத்தையே எட்டியது. அதன் பின்னரே பொருளும் அதிகாரமும் கிடைத்தன. ஜோசப் பஸல்ஜெட் என்ற எஞ்சினீயர், நதியை நோக்கிச் சென்ற சாக்கடைகளை இடைமறித்துக் கிழக்கே கொண்டுசெல்லும் பெருஞ் சாக்கடைகளை வகுத்தார். இவற்றின் நீளம் ஏறத்தாழ 82 மைல். சரிவைக்கொண்டே கழிவுநீரைச் செலுத்தினால், செல்லச் செல்லச் சாக்கடை ஆழ்ந்துகொண்டே போகும். ஓரிடத்தில் அதனை மேலே தூக்கியே ஆகவேண்டும். அதற்காகத் தென்கரையில் கிராஸ்னெஸ் நிலையம் 1865ஆம் ஆண்டிலும், வடகரையில் ஆபி மில்ஸ் நிலையம் 1868ஆம் ஆண்டிலும் திறக்கப்பெற்றன. கிராஸ்னெஸில் ஜேம்ஸ் வாட் கம்பெனி செய்த நான்கு நீராவி யந்திரங்கள் கழிவுநீரைத் தேக்கத்திற்கு ஏற்றின. கடல் வற்றும் வேளை பார்த்து அதனை நதியில் விடுவார்கள். வற்றும் நீரோடு அது கடலுக்குச் சென்றுவிடும்.

இவ்விரு ஆண்டுகளுக்கும் இடையில் நிகழ்ந்த ஒன்று சிந்திக்கத்தக்கது. 1866ஆம் ஆண்டில் காலரா மீண்டும் இலண்டனுக்கு வந்தது. இம்முறை அது பெரிதும் தாக்கியது கிழக்குப் பகுதியை. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கு இறந்தனர். அசுத்தமடைந்த குடிநீரே அதற்குக் காரணமாயிற்று. அப்பகுதிக்குரிய ஆபி மில்ஸ் நிலையம் அப்போது முடிவுறவில்லை. நகரத்தின் பிற பகுதிகள் பெருமளவு தப்பின. நிலையம் ஒன்று இரண்டாண்டு தாமதிப்பதன் பொருள் யாது என்பதை அந்நகர மக்கள் தம் உயிரையே விலையாகக் கொடுத்து அறிந்தனர்.

இனி நம் நாட்டிற்கு வருவோம். இன்று கொல்கத்தா என வழங்கும் கல்கத்தா மாநகரம், நீரேற்று நிலையத்தின் துணையின்றி வாழவே இயலாத ஊர். ஹூக்ளி நதி பன்னெடுங்காலம் வண்டல் படியவைத்து உயர்த்தியமையால் அதன் கரை மேடாகவும், கரையிலிருந்து கிழக்கே செல்லச் செல்ல நிலம் பள்ளமாகவும் அமைந்துள்ளன. கிழக்கின் கோடியில் உப்பேரிகள் எனப்பட்ட சதுப்பு நிலங்கள். இந்நில அமைப்பை நன்குணர்ந்த வில்லியம் கிளார்க் என்னும் எஞ்சினீயர், கழிவுநீரை அருகிலுள்ள ஹூக்ளியில் விடுவதைத் தவிர்த்து, இயற்கைச் சரிவைப் பின்பற்றிக் கிழக்கே செலுத்தவேண்டும் என்று 1855ஆம் ஆண்டில் ஒரு திட்டம் அளித்தார். 1859ஆம் ஆண்டில் தொடங்கிய அப்பணி 1870களின் நடுப்பகுதிவரை நீடித்தது. நகரின் செங்கற் சாக்கடைகள் யாவும் பாமர்ஸ் பிரிட்ஜ் என்னுமிடத்தில் கூடின. அங்கே யந்திரங்கள் கழிவுநீரை உயர்த்தி, உப்பேரிகளை நோக்கிச் செல்லும் கால்வாயில் சேர்த்தன. பின்னர்த் தென்பகுதிக்கெனப் பாலிகஞ்சிலும் நிலையம் எழுந்தது.

குடிநீரின் கதையும் இதனோடு இணைந்ததே. 1820ஆம் ஆண்டிலேயே சாந்த்பால் துறையில் ஒரு சிறு யந்திரம் ஹூக்ளி நீரைத் திறந்த வாய்க்கால்களில் ஏற்றிற்று. ஆனால் அது பெரும்பாலும் தெருக்களில் புழுதி அடங்கத் தெளிப்பதற்கே பயன்பட்டது. நகருக்கு வடக்கே, உப்பு நீர் எட்டாத புல்டா என்னுமிடத்தில் நதிநீரை எடுத்து மணற்படுகையில் வடிகட்டி அனுப்பும் ஏற்பாடு 1870ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் நாளொன்றுக்கு 60 லட்சம் காலன் நீர் கிடைத்தது. நகரம் வளர்ந்தபோது டாலா என்னுமிடத்தில் 110 அடி உயரத்தில் இரும்புத் தொட்டியொன்று கட்டப்பெற்று 1911ஆம் ஆண்டில் பணிக்கு வந்தது. அதன் கொள்ளளவு 90 லட்சம் காலன். அஃதாவது ஏறத்தாழ 4 கோடி லிட்டர். நான்கு அறைகளாகப் பிரிக்கப்பெற்றமையால், ஓர் அறையைத் துப்புரவு செய்யும்போதும் மற்றவை நீர் வழங்கிக்கொண்டிருக்கும். யந்திரங்கள் இரவும் பகலும் ஒரே சீராக இறைக்கின்றன; மக்களோ காலையில் மிகுதியாகவும் நள்ளிரவில் குறைவாகவும் பயன்படுத்துகின்றனர். இவ்வேற்றத்தாழ்வைத் தொட்டி தன்னுள் தாங்கிக்கொள்கிறது. நூறாண்டு கடந்தும் அது நகருக்கு நீர் வழங்கி வருகிறது.

ஆயினும் கல்கத்தாவின் திட்டத்தில் ஒரு பெருங்குறை இருந்தது. தூய நீர் குடிப்பதற்கு. தெருக் கழுவவும், சாக்கடை அலசவும், தீயணைக்கவும் வடிகட்டாத நதிநீர் என இருவேறு குழாய்கள் அமைத்தனர். ஹௌரா பாலத்தின் அருகிலுள்ள மல்லிக் துறையில் வடிகட்டாத நீருக்கெனத் தனி நிலையமே இயங்கியது. காகிதத்தில் இது சிக்கனமான ஏற்பாடு. ஆனால் தூய நீர் போதிய அளவு எட்டாத குடிசைப் பகுதிகளில் ஏழைகள் எக்குழாயில் நீர் வந்ததோ அக்குழாயில் குளித்தனர், பாத்திரம் துலக்கினர், சிற்சில வேளைகளில் குடிக்கவும் செய்தனர். மக்கள் நீரை எவ்வாறு பயன்படுத்தவேண்டும் என்று கருதினார்களோ அதற்கேற்பக் கணக்கிட்டனர். எவ்வாறு பயன்படுத்துவார்கள் என்பதைக் கணக்கிட்டாரில்லை. அந்நகரைக் காலரா பன்னெடுங்காலம் விடாமற் பற்றியிருந்ததை நினைக்கும்போது, இக்குறையைச் சிறிதென்று ஒதுக்க இயலாது.

மற்றொரு குறை பின்னர் வெளிப்பட்டது. கழிவுநீரைத் தாங்கிச்சென்ற வித்யாதரி என்னும் ஆறு வண்டலால் தூர்ந்து, 1928ஆம் ஆண்டில் பயனற்றது என அறிவிக்கப்பெற்றது. எத்துணை வலிமை வாய்ந்த யந்திரமாயினும், ஏற்றிய நீருக்குப் போக்கிடம் இல்லையேல் யாது பயன்? எஞ்சினீயர் பி. என். டே அவர்கள் வகுத்த திட்டத்தின்படி, கழிவுநீரை மேலும் கிழக்கேயுள்ள குல்டி ஆற்றுக்குச் செலுத்தும் கால்வாய்கள் 1940களின் முற்பகுதியில் அமைந்தன. வழியிலுள்ள நீர்நிலைகளில் மீன் வளர்ப்போர் அக்கழிவுநீரையே முறையாக உள்ளே விட்டு, வெயிலும் பாசியும் அதனைத் தூய்மை செய்ய, மீன் பெருக்கினர். அருகிலேயே காய்கறித் தோட்டங்களும் செழித்தன. கிழக்குக் கல்கத்தாச் சதுப்புநிலம் என்ற பெயரால், 12,500 எக்டேர் பரப்புடைய அவ்விடம் 2002ஆம் ஆண்டில் உலகச் சிறப்புடைய நீர்நிலைகளின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. எஞ்சினீயர்கள் கழிவென்று கருதியதை உழைப்பாளிகள் உணவாக மாற்றிய அருஞ்செயல் இது.

கல்கத்தாவுக்கு நேர்மாறானது பெங்களூர். கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில், அருகில் பேராறு எதுவுமின்றி அமைந்த ஊர் அது. சாக்கடை சரிவில் தானே இறங்கிவிடும். குடிநீரைத்தான் மேலேற்ற வேண்டும். ஏரிகளையே நம்பி வாழ்ந்த அவ்வூர், 1870களின் கொடிய பஞ்சத்திற்குப் பின்னர் வேறு வழி தேடலாயிற்று. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று மைசூர் சமஸ்தானத்தின் திவானாக விளங்கிய சேஷாத்ரி ஐயர் காலத்தில், அர்க்காவதி ஆற்றின் ஹெசரகட்டா ஏரியிலிருந்து நீர் கொணரும் திட்டம் உருவாகி 1896ஆம் ஆண்டில் நிறைவேறிற்று. ஏரி நீர் கால்வாயில் தானே ஓடி சோலதேவனஹள்ளி வரை வரும். அங்கிருந்து நீராவி யந்திரங்கள் அதனை நகருக்கு ஏற்றும். நகரம் பெருகவே, 1933ஆம் ஆண்டில் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம் துணைக்கு வந்தது. அதுவும் போதாமல் 1974ஆம் ஆண்டில் காவிரியையே நாடினர். ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்திற்கு, மூன்று படிகளாக நீர் ஏறி வருகிறது. ஒரே மூச்சில் ஏற்றினால் குழாயும் யந்திரமும் தாங்கவேண்டிய அழுத்தம் மிகுதியாகும். ஆதலின் இடையிடையே நிலையம் அமைத்து இளைப்பாறச் செய்து ஏற்றுகின்றனர். அந்நகரின் குடிநீர்ச் செலவில் பெரும்பங்கு மின்சாரத்திற்கே போகிறது. அங்கு வாழும் நம்மவர் வீட்டில் ஒரு குடம் நீர் சிந்தினால், சிந்துவது நீர் மட்டுமன்று. அதனை மேலேற்றிய மின்சாரமும் உடன் சிந்துகிறது.

பம்பாயின் நிலை இவ்விரண்டிற்கும் வேறு. 1860ஆம் ஆண்டில் விஹார் ஏரியிலிருந்தும், 1892ஆம் ஆண்டில் தான்சாவிலிருந்தும் அந்நகருக்குக் குடிநீர் உயரத்திலிருந்து தானாகவே இறங்கி வந்தது. ஆனால் கடலைத் தூர்த்து நிலமாக்கிய பகுதிகளில் மழைநீர் வடிவதுதான் இடர். மணிக்கு 25 மில்லிமீட்டர் மழையை, அதுவும் கடல் வற்றியிருக்கும் வேளையில், வடிக்கவே பழைய வடிகால்கள் வகுக்கப்பெற்றன. 2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். பெருமழைக் காலத்தில் நீரைக் கடலுக்கு ஏற்றித்தள்ளும் நிலையங்கள் வேண்டும் என்று 1993ஆம் ஆண்டிலேயே ஓர் அறிக்கை கூறியிருந்தது. ஹாஜி அலி, இர்லா முதலிய இடங்களில் அவை எழுந்தது இப்பெருந்துயரத்திற்குப் பின்னரே. கல்கத்தாவின் பழைய சாக்கடைகளோ மணிக்கு 6 மில்லிமீட்டர் மழைக்கென வகுத்தவை. ஹூக்ளியில் கடலேற்றம் மிகும்போது மதகுகளை மூடிவிட வேண்டும். அவ்வேளையில் கனமழையும் சேர்ந்தால் நகரின் நம்பிக்கை முழுவதும் யந்திரங்களின்மேலேயே நிற்கும்.

அப்படியாயின் ஒரு நிலையத்தை எவ்வாறு வகுக்கின்றனர்? சிறியதோர் உதாரணம் கொள்வோம். 20,000 மக்கள் வாழும் ஒரு பகுதி. ஆள் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர் எனின், மொத்தம் 27 லட்சம் லிட்டர். அதில் நூற்றுக்கு 80 பங்கு சாக்கடையில் சேரும் எனக் கொள்வர். அது 21 லட்சத்து 60 ஆயிரம் லிட்டர். நிமிடத்திற்குச் சராசரி 1,500 லிட்டர். ஆனால் சராசரியை நம்பி நிலையம் கட்டலாகாது. காலையில் ஊர் முழுவதும் ஒருங்கே எழுந்து குளிக்கும் வேளையில் வரத்து மும்மடங்காகும். ஆக 4,500 லிட்டருக்கு யந்திரம் வேண்டும். அதனை ஒரே பெரிய யந்திரமாக வைத்தால் இரவில் வேலையின்றி அடிக்கடி நின்று நின்று ஓடும். மோட்டார் சூடேறிக் கெடும். ஆதலின் சிறு யந்திரங்கள் சிலவற்றை வைத்து, வரத்துக்குத் தக ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டுவர். பழுது நேர்ந்தால் கைகொடுக்க ஒன்றேனும் உபரியாக இருத்தல் வேண்டும். மின்சாரம் நின்றால் ஓட்ட டீசல் யந்திரமும் வேண்டும். பெருமழை நாளில்தான் மின்சாரமும் பெரும்பாலும் நிற்கும்.

கழிவுநீர் வந்து சேரும் கிணற்றின் அளவும் நுட்பமானது. சிறிதாயின் யந்திரம் ஓயாது நின்று கிளம்பும். பெரிதாயின் கழிவுநீர் தேங்கிப் புளித்து நச்சு வாயு பிறக்கும். சராசரி வரத்தில் அரைமணி நேரத்திற்கு மேல் தேங்கலாகாது என்பர். நம் உதாரணத்தில் அது 45,000 லிட்டர். ஏற்றிச்செல்லும் குழாயிலும் இத்தகைய நடுநிலை வேண்டும். குறுகிய குழாய்க்கு விலை குறைவு. ஆனால் உராய்வு மிகுந்து மின்சாரச் செலவு ஆண்டுதோறும் ஏறும். அகன்ற குழாயில் ஓட்டம் மந்தமாகி மணலும் கசடும் படியும். நொடிக்கு 60 சென்டிமீட்டருக்குக் குறையாத வேகம் வேண்டும். வாங்கும் நாளின் விலையை மட்டும் பார்ப்பவர்க்கு இந்நடுநிலை புலப்படாது.

இவையனைத்திலும் மேலாகக் கருதவேண்டிய ஒன்று உண்டு. கழிவுநீர்க் கிணற்றில் பிறக்கும் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயு காற்றைவிடக் கனமானது. ஆதலின் அடியில் தங்கும். சிறிதளவாயின் அழுகிய முட்டையின் நாற்றம் வீசும். அளவு மிகுந்தால் மூக்கின் உணர்வையே மழுங்கச் செய்துவிடும். நாற்றம் நீங்கிற்று என நம்பி இறங்கியவர் மூர்ச்சித்து விழுகிறார். அவரைத் தூக்க இறங்கியவரும் மீள்வதில்லை. இவ்வாறு உயிர் துறப்போர் பெரும்பாலும், பிறப்பின் பெயரால் தலைமுறை தலைமுறையாக இத்தொழிலில் தள்ளப்பட்டவர்கள். பிழைப்பு நாடிப் பிற மாநிலம் சென்றோரும் அவர்களுள் உண்டு. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்யும் சட்டம் 1993ஆம் ஆண்டிலும், மேலும் வலியுற்ற சட்டம் 2013ஆம் ஆண்டிலும் இயற்றப்பெற்றன. சாக்கடையில் இறந்தோர் குடும்பத்திற்கு 10 லட்சம் ரூபாய் வழங்கவேண்டும் என 2014ஆம் ஆண்டில் ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், 2023ஆம் ஆண்டில் அதனை 30 லட்சமாக உயர்த்தியது.

பணம் உயிரை மீட்காது. ஆனால் கணக்கு உயிரைக் காக்கும். குப்பையைத் தடுக்கும் கம்பித்தட்டியை யந்திரமே வாரிச் சுத்தம் செய்யுமாறு அமைக்கலாம். நீருக்குள்ளேயே இயங்கும் யந்திரத்தைத் தண்டவாளம் போன்ற கம்பிகளின் வழியே மேலிருந்தபடியே தூக்கிப் பழுதுபார்க்கலாம். கிணற்றில் காற்றோட்டத்திற்கு வழி செய்யலாம். இவை யாவும் வரைபடத்தில் முதல்நாளே இடம்பெறவேண்டியவை. அன்று சிக்கனம் கருதி விட்டுவிட்டால், பின்னர் ஒவ்வொரு முறை அடைப்பு ஏற்படும்போதும் ஓர் ஏழையைக் கயிறு கட்டி இறக்கும் நிலை நேர்கிறது. ஆட்கள் இறங்கவேண்டிய நிலையத்தைச் சரியாக வகுக்கப்பெற்ற நிலையம் என்று நாம் கொள்ளுதற்கில்லை.

நேயர்களே, நாம் குடியேறி வாழும் நகரங்களின் கோயில்களையும் கடைவீதிகளையும் அறிந்திருக்கிறோம். நம் வீட்டுக் கழிவுநீர் எந்த நிலையத்திற்குச் சென்று ஏறுகிறது, அங்கு உபரி யந்திரம் உண்டா, மின்சாரம் நின்றால் என்ன ஏற்பாடு, கிணற்றில் ஆட்கள் இறங்குகின்றனரா என்பவற்றையும் அறிந்துகொள்ளுதல் நன்று. நகராட்சி உறுப்பினர் வாக்குக் கேட்டு வரும்போது இவ்வினாக்களையும் அவர்முன் வைக்கலாம். நாம் வாழும் ஊர் நம் பிறந்த ஊர் அன்றாயினும், அதன் நீரைப் பருகுகின்றோம். அதன் பள்ளத்திற்கு நம் பங்கைச் சேர்க்கின்றோம். அவ்வூரின் கணக்கில் நாமும் ஓர் எண்ணாக இருக்கிறோம். அக்கணக்கு சரியாக அமைவதில் நமக்கும் உரிமை உண்டு, பொறுப்பும் உண்டு.